உர்சூல் தொடாத இலை

எங்கள் தீவில் செத்தவர்கள் சாப்பிட வர ஆரம்பித்த வருஷம் கல்லறைத் திருநாள் சனிக்கிழமையில் விழுந்தது, அதனால் அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். பாதிரியாரைக் கேட்டார்கள், பூசாரியைக் கேட்டார்கள், தலைநகரிலிருந்து படித்த ஒருத்தரை வரவழைத்துக் கேட்டார்கள். அவர் மூன்று நாள் தங்கி, நன்றாகச் சாப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் கப்பல் ஏறிவிட்டார்.

வழக்கம் என்னவோ பழையதுதான். கரும்பு வெட்டக் கப்பலில் வந்து இறங்கிய எங்கள் ஆட்கள் இந்தக் கரீபியன் கரையில் ஒவ்வொன்றாய்த் தொலைத்தார்கள், பாஷையில் பாதி போயிற்று, சாமி பெயரில் பாதி தேய்ந்தது, எங்கள் பெயரிலேயே முன்பாதி பிரெஞ்சுக்காரன் வைத்ததாகவும் பின்பாதி கப்பல் குமாஸ்தா காதில் விழுந்ததாகவும் ஆயிற்று, ஆனால் நவம்பர் இரண்டாம் தேதி செத்தவருக்கு இலை போடுவதை மட்டும் விடவில்லை. உள்ளறையில் வாழையிலை விரித்து, அவருக்கு உயிரோடு இருக்கையில் பிடித்ததை எல்லாம் வைத்து, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் வெளியே நிற்போம். பிறகு திறப்போம். வைத்தது வைத்தபடி இருக்கும். நாங்களே உட்கார்ந்து சாப்பிடுவோம்.

அந்த வருஷம் கதவைத் திறந்தபோது இலைகள் காலி. எலும்புகள் உறிஞ்சப்பட்டு ஓரத்தில் ஒதுக்கி இருந்தன, ரம் கோப்பைகள் கவிழ்ந்து கிடந்தன, சுருட்டுச் சாம்பல் தரையில். யாரும் அலறவில்லை. பக்கத்து வீட்டு ஒக்தாவின் பெண்டாட்டி இலையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தத் தடவைதான் மாமனார் உப்பு கம்மின்னு சொல்லாம சாப்பிட்டிருக்காரு" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். அதற்கடுத்ததும். ஊர் பழகிக்கொண்டது. வெள்ளிக்கிழமை கசாப்புக்கடையில் வரிசை நீண்டது, வாழைத்தோட்டக்காரன் பழத்தை விட்டுவிட்டு இலை வெட்டினான், பாதிரியார் முதல் மாதம் பிரசங்க மேடையில் நின்று இதெல்லாம் பாவம் என்றார், இரண்டாம் மாதம் தனக்கு முன்பிருந்த கிழப் பாதிரியாருக்கு ஒரு இலை போட்டுப் பார்த்தார், மூன்றாம் மாதம் அந்தக் கிழவர் நாற்பது வருஷமாக எங்கள் ஆட்டுக் கசாப்புக்காரன் வீட்டில்தான் சாப்பிட்டிருக்கிறார், செத்த பின்பும் அங்கேதான் போகிறார் என்று தெரிந்ததும் பேசாமல் இருந்துவிட்டார். கப்பலிலேயே செத்துக் கடலில் போடப்பட்டவர்களுக்கு வீடு இல்லை, அதனால் கரையில் ஒரு அண்டா கஞ்சி வைத்தோம். அது எப்போதும் முதலில் காலியாகும். அண்டாவை நக்கின மாதிரி இருக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. செத்தவர்கள் இலை போட்ட வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை, நாக்குக்குப் பிடித்த வீட்டுக்குப் போனார்கள். தபால்காரர் இல்தெபேர் ஆறு வீட்டில் சாப்பிட்டார். அந்த ஆறு பெண்களும் முதல் வாரம் ஒருத்தி முகத்தில் ஒருத்தி காறித் துப்பினார்கள், இரண்டாம் மாதம் சேர்ந்து உட்கார்ந்து சீட்டாடினார்கள். தோட்டத்து மேஸ்திரி ஒருத்தன், சவுக்கு வைத்திருந்தவன், தான் அடித்துக் கால் ஒடித்தவனின் பேரன் வீட்டு வாசலுக்குச் சனிக்கிழமை தவறாமல் வந்தான். அந்தப் பேரன் ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீர் வைப்பான். மேஸ்திரி அதையும் குடித்துவிட்டுப் போவான். எவன் எங்கே சாப்பிட்டான் என்பதில் எல்லாருடைய வண்டவாளமும் வெளியே வந்தது, வந்த பிறகு யாருக்கும் வெட்கப்பட நேரமில்லை, அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டே இருந்தது.

என் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

என் மனைவி உர்சூல் போய் அப்போது இரண்டு வருஷம். நாற்பத்து மூன்று வருஷம் என்னோடு இருந்தவள். பிள்ளைகள் இரண்டு பேரும் கடல் தாண்டிப் பிழைக்கப் போய்விட்டார்கள், நான் சர்க்கரை ஆலையில் பாய்லர் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன், சமையல் தெரியாது. கற்றுக்கொண்டேன். மல்லியும் மஞ்சளும் கடுகும் வெந்தயமும் வறுத்து அம்மியில் அரைத்து, ஆட்டுக்கறி போட்டு, கத்தரிக்காய் போட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வைப்பாளே கொலொம்போ, அந்தக் குழம்பை அப்படியே வைத்தேன். ஒன்பது தடவை கெடுத்து, பத்தாவது தடவை சரியாக வந்தது. அவள் கைப்பக்குவமேதான், சந்தேகமே இல்லை. இலை போட்டேன். சாம்பிராணி போட்டேன். கதவைச் சாத்தி வெளியே நின்றேன். அரை மணி கழித்துத் திறந்தால் குழம்பின் மேல் நெய் ஏடு படிந்திருக்கும். ஒரு ஈ உட்கார்ந்திருக்கும்.

பூசாரி லெயோன்ஸ் வந்து பார்த்தார்.

"என்ன வச்சீங்க, அனத்தோல்?"

"ஆட்டுக் கொலொம்போ."

"அவங்களுக்குப் பிடிச்சதுதானே?"

"எனக்குப் பிடிச்சதெல்லாம் அவளுக்கும் பிடிக்கும்."

பூசாரி தலையை ஆட்டினார். ஊரில் எல்லாப் புருஷனும் அதைத்தான் சொன்னான், அவரும் அவர் வீட்டில் அதையே சொல்லித்தான் இலை போட்டார், மற்ற வீடுகளில் மனைவிகள் வந்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டும் போனார்கள். என் வீட்டில்தான் இப்படி. வாரத்துக்கு வாரம் கறியைக் கூட்டினேன். இலையைப் பெரிதாக்கினேன். அவள் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டேன். ஒக்தாவின் பெண்டாட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னைக்காவது வந்தாங்களா, மாமா?" என்பாள். அவளுக்குப் பதில் தேவையில்லை.

இதற்குள் உல்லாசக் கப்பல்காரர்களுக்குச் செய்தி போய்விட்டது. துறைமுகத்திலிருந்து சனிக்கிழமை காலை ஒரு பேருந்து வரும், பக்கவாட்டில் 'தீவின் உணவும் பண்பாடும், அரை நாள்' என்று எழுதியிருக்கும். வெயிலில் சிவந்த முப்பது பேர் இறங்குவார்கள், கரும்புச்சாறு குடிப்பார்கள், ரம் ஆலை பார்ப்பார்கள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு வீடு வீடாக ஜன்னல் வழியே செத்தவர்கள் சாப்பிடுவதைப் பார்ப்பார்கள். பார்க்க ஒன்றும் இருக்காது. சோறு குறையும், அவ்வளவுதான். ஒரு அம்மாள், "ரொம்ப மெதுவாச் சாப்பிடறாங்களே, நமக்கு எப்ப சாப்பாடு?" என்று கேட்டாளாம். வழிகாட்டி பிரீஸ், உர்சூலின் தங்கை மகன், ஒரு சனிக்கிழமை அந்தக் கூட்டத்தை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இந்த வீட்டுக்கு ஏன் கூட்டிட்டு வந்தே?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க பெரியப்பா. காலியாகிற இலையை அஞ்சு வீட்டுல பார்த்துட்டாங்க. காலியாகாத இலையும் ஒண்ணு பார்க்கணும்னு ஆசைப்படறாங்க. ஊருக்கே இது ஒண்ணுதானே இருக்கு."

துடைப்பத்தை எடுத்தேன். படம் பிடித்துக்கொண்டார்கள். அதையும் பண்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், அவள் எங்கேயோ போகிறாள், அது எங்கே என்று பார்த்துவிடுவது. அவள் ஒரு வேளைச் சோற்றை விட்டவள் இல்லை. அப்படித்தான் நினைக்கிறேன். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவி வெளியே போன பிறகு அடுப்படியில் சாப்பிடுவாள்.

அவள் அம்மா வீட்டில் விசாரித்தேன், வரவில்லை. தங்கை வீட்டில், இல்லை. கன்னியர் மடத்தில், இல்லை. மூன்று சனிக்கிழமை நடந்து, நாலாவது சனிக்கிழமை மீன் இறங்கும் துறைக்குப் போனேன். அங்கே திதீன் என்று ஒரு கிழவி, கறுப்பு ஆள், மீன் விற்கிறவள், என் வயசு இருக்கும். தகரக் கூரை போட்ட அவள் வீட்டுக்குள் மேஜையில் இரண்டு தட்டு. ஒன்றில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மற்றொன்றில் சாப்பாடு தானாகக் குறைந்துகொண்டிருந்தது. படி ஏறி உள்ளே போனேன்.

என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. முசே என்று மரியாதை மட்டும் வைத்தாள்.

"வந்துட்டீங்களா முசே? ஒரு பொம்பளை வியாழக்கிழமைதோறும் எங்கே போறான்னு தெரிஞ்சுக்க அவ செத்துப் போக வேண்டியிருக்கு உங்களுக்கு."

"இது உர்சூலா?"

"பின்னே உங்க கவர்னரா?"

"வியாழக்கிழமை அவ கோயிலுக்குப் போவா."

"இங்கேதான் கோயில். முப்பது வருஷம். நீங்க ஆலைக்குப் போனதும் வருவா, சங்கு ஊதறதுக்குள்ள போயிடுவா."

"என்ன போடுறே அவளுக்கு?"

"கண்ணு இருக்கில்ல, பாருங்க."

பார்த்தேன். உப்பு மீனைத் தணலில் சுட்டு உதிர்த்து, அவகாடோ பழத்தை அதில் பிசைந்து, மரவள்ளி மாவு தூவி, தீவு மிளகாயை நறுக்கிப் போட்டது. பக்கத்தில் சுட்ட ஈரப்பலாத் துண்டு. கறுப்பு ஆட்கள் சாப்பாடு. அந்த உப்பு மீன் நாற்றம் என் வாசற்படி ஏறக்கூடாது என்று கல்யாணமான முதல் வாரமே சொல்லியிருந்தேன், அது அவர்கள் சாப்பாடு, நம் சாப்பாடு வேறு என்று. அவள் சரி என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். ஒரு தடவை சொன்னால் போதும், அவள் அப்படிப்பட்டவள் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

"உக்காந்து சாப்பிடறாளா?" என்றேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியாது.

"நாற்காலியைப் பாருங்க, எப்படித் தள்ளிப் போட்டிருக்கா. காலை நீட்டிக்கிட்டுத்தான் சாப்பிடுவா. சிரிப்பா. மிளகாய் ஏறிட்டா மேஜையில தட்டுவா. உங்க வீட்டுல தட்டினதில்லையா?"

தட்டில் குறைவது நின்றிருந்தது. நான் உள்ளே வந்ததிலிருந்தே நின்றிருந்தது.

"போங்க முசே," என்றாள் திதீன். "சோறு ஆறுது அவளுக்கு."

போனேன். நேரே பூசாரி லெயோன்ஸிடம் போனேன். ஏனென்றால் சட்டம் என் பக்கம் இருந்தது. இல்தெபேர் விவகாரத்துக்குப் பிறகு கோயில் கமிட்டியும் மேயர் அலுவலகமும் கூடி ஒரு விதி போட்டிருந்தார்கள்: செத்தவருக்குப் புருஷனோ பெண்டாட்டியோ உயிரோடு இருந்தால் அவர்களுக்கே முதல் உரிமை, கேட்டால் பூசாரி வந்து மஞ்சள் நூலை வாசல் நிலைக்கும் அடுப்பங்கால்களுக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார், கட்டினால் செத்தவர் வேறு வீட்டுப் படி ஏற முடியாது. இதுவரை கேட்டது இல்தெபேரின் விதவை ஒருத்திதான். அவர் வந்தார், எல்லாப் பீங்கானையும் உடைத்தார், அவள் உடைந்ததைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு, "வந்தாரே, அது போதும்" என்றாள்.

"யோசிச்சுட்டீங்களா?" என்றார் லெயோன்ஸ். "அறுத்தா மறுபடி கட்ட முடியாது. ஒரு தடவைதான்."

"கட்டுங்க."

கட்டினார்.

அந்தச் சனிக்கிழமை என் வாசலில் நின்ற கூட்டத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. பேருந்தும் வந்தது. இலை விரித்து, சோறு, பருப்பு, கத்தரிக்காய் வறுவல், ஆட்டுக் கொலொம்போ, ஒரு கோப்பை ரம், எல்லாம் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஜன்னல்களையும் சாத்தினேன். என் மனைவி சாப்பிடுவதை அந்தச் சிவந்த ஆட்கள் பார்க்க வேண்டாம். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, பேருந்துக்காரர்கள்கூட மூச்சை அடக்கினார்கள், பிறகு குழாயில் தண்ணீர் விழும் சத்தம், நெடுநேரம். ஒக்தாவின் பெண்டாட்டி, "வந்துட்டாங்க மாமா, வந்துட்டாங்க" என்று என் கையைப் பிடித்து ஆட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

கதவைத் திறந்தேன். இலை கழுவித் துடைத்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. குழம்பு திரும்பச் சட்டியில், சோறு திரும்பப் பானையில், இரண்டின் மேலும் மூடி, பூனை தள்ளாதபடி மூடியின் மேல் அம்மிக் குழவி. ரம் புட்டிக்குள் திரும்பிப் போயிருந்தது. காலையில் நான் காப்பி குடித்துப் போட்ட கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. தரை ஈரமாக இருந்தது. ஒரு பருக்கைகூட அவள் வாய்க்குப் போகவில்லை.

பிரீஸ் தன் கூட்டத்துக்குச் சொன்னான்: "எங்கள் பெண்கள் செத்த பின்பும் குடும்பத்தை விடமாட்டார்கள்." அவர்கள் மறுபடி கை தட்டினார்கள். ஒக்தாவின் பெண்டாட்டி தட்டவில்லை. ஈரத் தரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், என் கையை விட்டாள், வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வேலிக்கு மேல் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

நூல் கட்டியதால் உர்சூல் சனிக்கிழமையோடு நிற்கவில்லை, நாள்தோறும் இருந்தாள். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தது. இரண்டு வருஷமாகப் பொத்தான் இல்லாத கால்சட்டைக்குப் பொத்தான் வந்தது. காலையில் எழுந்தால் காப்பி, அதே கசப்பு, அதே அரைச் சர்க்கரை. ஐந்து வாரம். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாகவே தூங்கினேன். இரண்டாம் வாரம் சட்டியிலேயே சாப்பிட்டேன், தட்டு இல்லாவிட்டால் கழுவ என்ன இருக்கிறது என்று பார்க்க. சட்டியைக் கழுவினாள். மூன்றாம் வாரம் சமைக்கவே இல்லை, ரொட்டி வாங்கித் தின்றேன். ரொட்டித் துகளைப் பெருக்கினாள். சனிக்கிழமைதோறும் இலை போட்டேன். சனிக்கிழமைதோறும் இலையைக் கழுவினாள்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை சந்தையில் உப்பு மீன் வாங்கினேன். விற்றவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாள் தணலில் சுட்டேன், வீடெல்லாம் அந்த நாற்றம் ஏறியது, ஏறட்டும் என்று விட்டேன். அவகாடோ பிசைந்தேன், மரவள்ளி மாவு தூவினேன், மிளகாய் எத்தனை என்று தெரியவில்லை, இரண்டு போட்டேன். மத்தியானம் இலையை விட்டுவிட்டுத் தட்டில் வைத்தேன். எதிரில் ஒரு நாற்காலியை, கால் நீட்ட இடம் விட்டு, தள்ளிப் போட்டேன். கதவைச் சாத்தி வெளியே நின்றேன். பேருந்து வந்தது, கையைக் காட்டிப் போகச் சொன்னேன், பிரீஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கதவைத் திறந்து பார்த்தபோது நான் தள்ளிப் போட்ட நாற்காலி மேஜையோடு ஒட்டி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. தட்டு என் இடத்தில் இருந்தது. பக்கத்தில் என் கரண்டி, என் தண்ணீர்க் கோப்பை. எனக்குக் காரம் ஆகாது என்று மிளகாய்த் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒதுக்கியிருந்தாள்.

உட்கார்ந்தேன். பரிமாறியாயிற்று, வேறென்ன செய்வது. சாப்பிட்டேன். உப்பும் புகையும் வெண்ணெய் மாதிரி அந்தப் பழமும். நன்றாக இருந்தது. எழுபத்தொரு வயசில் முதல் தடவை. அடுப்படிப் பக்கம் திரும்பி, "நீ சாப்பிடலையா?" என்றேன்.

நாற்பத்து மூன்று வருஷத்தில் அதைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அடுப்படியில் குழாய் திறந்தது. நான் சாப்பிட்டு முடிக்கக் காத்திருக்கிறாள்.

கரும்பு வெட்டுகிற கத்தியை எடுத்தேன். வாசல் நிலையில் இருந்ததை முதலில் அறுத்தேன், பிறகு அடுப்பங்கால்களில் இருந்ததை. நூல் சின்னதுதான். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, போய் நான்தான் மூட வேண்டியிருந்தது.

வாசலில் பார்த்த யாரோ சொல்லி லெயோன்ஸ் ஓடி வந்தார். நிலையைத் தடவிப் பார்த்தார்.

"என்ன வேலை செஞ்சீங்க? இனி கட்ட முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேனே!"

"காதுல விழுந்துச்சு."

"அவங்க திரும்பி அந்த மீன்காரி வீட்டுக்குத்தான் போவாங்க."

"போகட்டும். மணி ரெண்டு ஆகுது. இன்னும் சாப்பிடலை அவ."

அவர் போன பிறகு மேஜைக்குத் திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிட்டேன், மிளகாயையும் தின்றேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தேன். காப்பி இல்லை. தட்டு போட்ட இடத்திலேயே கிடந்தது, மரவள்ளி மாவு ஓரத்தில் காய்ந்து கல் மாதிரி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. ஊற வைக்க வேண்டும் போலிருக்கிறது.